எலிக்ஸிர் டெவலப்பர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எச்.பி., ஜாவா, நோட், ரூபி என்று ஏதாவது ஒன்றில் ஓரளவு வேலை பார்த்துவிட்டு எலிக்ஸிர் பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. முதல் வேலை தேடுபவர்களுக்கென்று கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அவர்கள் அதை முதலில் படித்துவிட்டு மேலே வரட்டும்.

எலிக்ஸிர் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எரிக்சன் நிறுவனம் 1980களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எர்லாங் என்ற மொழியை உருவாக்கியது. ஒரு போன் அழைப்பு அறுந்தால் அந்த ஒன்றோடு போக வேண்டும், எக்ஸ்சேஞ்ச் மொத்தமும் படுத்துவிடக் கூடாது என்பது அவர்கள் தேவை. 1998-ல் எர்லாங் ஓப்பன் சோர்ஸ் ஆனது. எர்லாங் ஓடுகிற பீம் என்ற விர்ச்சுவல் மெஷினின் மேலேயே, ரூபியைப் போல வாசிக்கச் சுகமான நடையில், பிரேசில்காரரான ஜோசே வாலிம் உருவாக்கியது எலிக்ஸிர். அதன் 1.0 பதிப்பு 2014 செப்டம்பரில் வந்தது. வெப் வேலைக்கு கிறிஸ் மெக்கார்ட் எழுதிய ஃபீனிக்ஸ் ஃப்ரேம்வொர்க், டேட்டாபேஸுக்கு எக்டோ. வேலை விளம்பரத்தில் "எலிக்ஸிர்" என்று இருந்தால் இந்த மூன்றையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பர்கள் எல்லாரும் இதைப் புகழ்கிறார்கள். அப்புறம் ஏன் வேலை இவ்வளவு குறைவு?

புகழ்கிற காரணமேதான் வேலை குறைவாக இருப்பதற்கும் காரணம்: கொஞ்சம் பேரே பெரிய சிஸ்டத்தை ஓட்டிவிடலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022-ல் நடத்திய சர்வேயில், பயன்படுத்தியவர்கள் அதிகம் விரும்பிய வெப் ஃப்ரேம்வொர்க்காக ஃபீனிக்ஸ் முதலிடத்தில் வந்தது. ஆனால் அதே சர்வேக்களில் எலிக்ஸிரைத் தொட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் நிற்கிறார்கள்.

ஆட்கணக்கையும் பாருங்கள். 2014-ல் ஃபேஸ்புக் வாங்கிய சமயத்தில் எர்லாங்கில் ஓடிய வாட்ஸப்புக்கு சுமார் 45 கோடிப் பயனர்கள், 32 எஞ்சினியர்கள். டிஸ்கார்டின் சாட் உள்கட்டமைப்பில் இருபதுக்கு மேற்பட்ட எலிக்ஸிர் சர்வீஸ்களை ஐந்து எஞ்சினியர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று 2020-ல் எலிக்ஸிரின் அதிகாரப்பூர்வத் தளத்தில் வெளியான கட்டுரை சொல்கிறது. நிறுவனத்துக்கு இது லாபம். வேலை தேடுகிறவருக்கு, ஐந்து நாற்காலிக்கு மேல் ஆறாவது இல்லை என்று அர்த்தம்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ஐந்து பேர் உள்ள டீமில் ஒருவர் கோடு மட்டும் எழுதிவிட்டு ஒதுங்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கிறவரும் அவரேதான். அதனால் சந்தை சீனியர்கள் பக்கமே சாய்ந்திருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

யாரெல்லாம் ஆள் எடுக்கிறார்கள்?

மூன்று வகை. முதலாவது, ஒரே நேரத்தில் நிறைய இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்க வேண்டிய தொழில்: சாட், நேரலைத் தகவல், வண்டி கண்காணிப்பு, பணப் பரிவர்த்தனை. டேட்டாபேஸ் சேவை தரும் சுபாபேஸின் ரியல்டைம் பகுதி எலிக்ஸிரில் எழுதியது. இரண்டாவது, ரூபி ஆன் ரெயில்ஸில் தொடங்கி சுமை தாங்காமல் இந்தப் பக்கம் வந்தவர்கள். மூன்றாவது, பல கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்து கொடுக்கும் கன்சல்டிங் நிறுவனங்கள். புதிதாக மொழி மாறுகிறவர்களுக்கு மூன்றாவது வாசல்தான் சற்று அகலம். இரண்டு மொழி தெரிந்த ஆள் அவர்களுக்கு எப்போதும் தேவைப்படுகிறார்.

இந்தியாவில் தேடும்போது "எலிக்ஸிர்" என்ற சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் திரை காலியாகத்தான் இருக்கும். "எர்லாங்", "ஃபீனிக்ஸ்", "ஓ.டி.பி." (எர்லாங்கோடு வரும் நூலகத் தொகுப்பு) என்றும் போட்டுப் பாருங்கள். டெலிகாம் மென்பொருள், ஈஜாபர்ட் என்ற சாட் சர்வர், ரேபிட்எம்க்யூ என்ற மெசேஜ் வரிசை மென்பொருள் ஆகியவற்றின் பராமரிப்பு என்று எர்லாங் வேலைகள் வேறு பெயரில் ஒளிந்திருக்கும்.

ஃப்ரெஷருக்குக் கிடைக்குமா?

நேரடியாகக் கிடைப்பது அரிது. சிறிய டீமில் கற்றுக்கொடுக்க ஆள் மிச்சமிருக்காது. முதல் வேலைக்கு எலிக்ஸிரை மட்டுமே நம்பி ஆறு மாதம் வீட்டில் உட்கார வேண்டாம். ஜாவாவிலோ நோடிலோ பைதானிலோ ஒரு வேலையில் சேர்ந்து, போஸ்ட்கிரெஸ், லினக்ஸ், டெப்ளாய்மென்ட் மூன்றையும் கையில் எடுங்கள். அவை அப்படியே எலிக்ஸிர் வேலைக்கும் வரும். இரண்டு வருடம் கழித்து மாறுகிறவருக்குத் திறக்கிற கதவு, படித்து முடித்த கையோடு வருகிறவருக்குத் திறப்பதில்லை.

விதிவிலக்கு, ஏற்கெனவே எலிக்ஸிர் பயன்படுத்தும் நிறுவனத்தில் இன்டர்னாகவோ டெஸ்டிங்கிலோ நுழைந்து உள்ளேயே நகர்வது.

பேக்-எண்ட் அனுபவம் மூன்று வருடம் இருக்கிறது. தயாராக எவ்வளவு நாள் ஆகும்?

தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் மூன்று முதல் நான்கு மாதம். முதல் இரண்டு வாரத்தில் பேட்டர்ன் மேட்சிங், ரிகர்ஷன், பைப் எழுத்துநடை பழகிவிடும். எக்ஸர்சிசம் தளத்தின் எலிக்ஸிர் பாடங்கள் இலவசம், அதற்கு அது போதும். அடுத்த மூன்று வாரம் எக்டோவும் ஃபீனிக்ஸும். பிறகு ஓ.டி.பி.: ப்ராசஸ் (பீமுக்குள் தனியாக ஓடும் இலகுவான அலகு), ஜென்சர்வர் (மெசேஜ் வாங்கிப் பதில் தரும் ப்ராசஸ்), சூப்பர்வைசர் (விழுந்த ப்ராசஸை மறுபடி எழுப்புவது). இதற்கு ஒரு மாதம் முழுசாக வையுங்கள். பலரும் இதை ஒரு வாரத்தில் ஓட்டிவிட்டு, பக்கத்தை சர்வரிலிருந்தே நேரலையாக மாற்றும் ஃபீனிக்ஸின் லைவ்வியூவுக்குத் தாவுகிறார்கள், இன்டர்வியூவில் அங்கேதான் விழுகிறார்கள். மிச்ச நாட்கள் லைவ்வியூவுக்கும், சொந்தமாக ஒரு சர்வரில் ஏற்றி ஓட்டுவதற்கும்.

தொடக்கத்திலேயே ஒரு சறுக்கல் உண்டு. உபுண்டுவில் ஏ.எஸ்.டி.எஃப். என்ற பதிப்பு மேலாளர் வழியாக எர்லாங்கைக் கம்பைல் செய்யும்போது ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லையென்றால், கிரிப்டோ பகுதி இல்லாமலேயே எர்லாங் தயாராகிவிடும். பில்டு முடிந்ததாகத்தான் காட்டும். எலிக்ஸிரின் பேக்கேஜ் மேலாளரான ஹெக்ஸை நிறுவும்போதுதான் அடிவாங்கும். பேக்கேஜைப் போட்டுவிட்டு எர்லாங்கை அழித்து மறுபடி கம்பைல் செய்தால் சரியாகும். எலிக்ஸிர் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும், உங்கள் ஓ.டி.பி. எண்ணுக்கு ஏற்ற பில்டா என்று பார்த்துப் போடுங்கள்.

இன்டர்வியூவில் என்னதான் கேட்கிறார்கள்?

மொழி இலக்கணம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க "இது உடைந்தால் என்ன நடக்கும்?" என்ற ஒரே கேள்வியின் பல உருவங்கள்.

ஜென்சர்வருக்கு "கால்" (பதிலுக்குக் காத்திருக்கும் கோரிக்கை) அனுப்புகிறீர்கள், பதில் வரவில்லை. என்ன ஆகும்? ஐந்து விநாடி என்பது இயல்பு காலக்கெடு. அது தாண்டினால் கேட்ட ப்ராசஸ் எக்ஸிட் ஆகும். "வேலை ரத்தாகிவிடும்" என்று இங்கே பலர் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆகாது. சர்வர் பக்கம் அந்த வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது பணம் பிடிக்கிற வேலையாக இருந்து, பயனர் மறுபடி பட்டனை அழுத்தினால் இரண்டு முறை பிடித்திருப்பீர்கள். இதுவரை சொல்கிறவரை எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே ஜென்சர்வர் வழியாக விட்டால்? அது ஒரு நேரத்தில் ஒரு மெசேஜைத்தான் எடுக்கும். மற்றவை மெயில்பாக்ஸில் குவியும், மெமரி ஏறும், அழைத்தவர்கள் எல்லாருக்கும் டைம்அவுட். ரேஷன் கடையில் ஒற்றைப் பில் மெஷின் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு மட்டும் என்றால், பல ப்ராசஸ் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய, மெமரியில் இருக்கும் இ.டி.எஸ். அட்டவணைக்கு மாற்றுவது வழக்கமான விடை. ஆனால் அதற்கும் முன்னால், "இங்கே ஜென்சர்வரே எதற்கு, சாதாரண ஃபங்ஷன் போதாதா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் இன்னும் நல்லது. நிரலை ஒழுங்குபடுத்த மட்டும் ப்ராசஸ் வைக்காதே என்று அதிகாரப்பூர்வ ஆவணமே சொல்கிறது.

சூப்பர்வைசர் எத்தனை முறை எழுப்பிவிடும்? இயல்பாக ஐந்து விநாடிக்குள் மூன்று முறை. அதைத் தாண்டினால் சூப்பர்வைசரும் விழும், விழுந்தது மேலே பரவும். "விழட்டும், எழுந்துகொள்ளும்" என்று சொல்லிப் பழகியவர்கள் இந்த எண்ணைச் சொல்லத் தடுமாறுவார்கள்.

பயனர் அனுப்பும் சரத்தை (ஸ்ட்ரிங்) ஆட்டமாக (atom, தன் பெயரே மதிப்பாக இருக்கும் மாறிலி) மாற்றலாமா? கூடாது. ஆட்டங்களை கார்பேஜ் கலெக்டர் துடைக்காது. இயல்பு எல்லை 10,48,576. நிரம்பினால் மொத்த விர்ச்சுவல் மெஷினும் விழும், எந்தச் சூப்பர்வைசரும் காப்பாற்றாது.

லைவ்வியூவில் மவுன்ட் ஏன் இரண்டு முறை ஓடுகிறது? முதலில் சாதாரண எச்.டி.டி.பி. பக்கமாக ஒரு முறை, வெப்சாக்கெட் இணைந்ததும் மறுமுறை. அங்கே கனமான குவெரி வைத்தால் டேட்டாபேஸில் இரட்டைச் சுமை. கூடவே, இரண்டாயிரம் வரியை அப்படியே அசைனில் (லைவ்வியூ தன் தரவை வைத்திருக்கும் இடம்) வைத்தால் என்ன என்றும் கேட்பார்கள். பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் அந்த இரண்டாயிரம் வரி. வரிகளை சர்வர் மெமரியில் பிடித்து வைக்காமல் அனுப்பும் ஸ்ட்ரீம் எதற்கு வந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்து அனுப்பச் சொல்லும் பணியில் எங்கே கோட்டை விடுகிறோம்?

பெரும்பாலும் ஒரே இடத்தில். பஸ் சீட் பதிவு செய்யும் சிறு செயலி என்று வைப்போம். எழுதுகிறவர் முதலில் "இந்த சீட் காலியா?" என்று டேட்டாபேஸைக் கேட்கிறார், காலி என்றால் இன்சர்ட் செய்கிறார். தனியாக ஓட்டிப் பார்த்தால் பிசகே இல்லை. இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்தால் இருவருக்கும் "காலி" என்றே பதில் வரும், இருவருக்கும் 14-ஆம் எண் சீட் விற்றிருக்கும்.

சரியான வழி: மைக்ரேஷனில் பயண எண், சீட் எண் இரண்டுக்கும் சேர்த்து யுனீக் இண்டெக்ஸ். சேஞ்ச்செட்டில் (எக்டோவில் தரவைச் சேமிக்கும் முன் சரிபார்க்கும் பகுதி) யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட். இரண்டும் வேண்டும். இண்டெக்ஸ் போடாமல் சேஞ்ச்செட்டில் மட்டும் எழுதினால் ஒன்றுமே நடக்காது, ஏனென்றால் அது டேட்டாபேஸ் திருப்பும் பிழையை மொழிபெயர்க்கிற வேலையை மட்டும்தான் செய்கிறது. இண்டெக்ஸ் மட்டும் போட்டு சேஞ்ச்செட்டில் விட்டுவிட்டால் பயனருக்கு "சீட் போய்விட்டது" என்பதற்குப் பதில் 500 பிழைப் பக்கம் வரும். பிறகு, இரண்டு ப்ராசஸை ஒரே சீட்டுக்கு மோதவிட்டு ஒன்று ஜெயித்து ஒன்று தோற்கிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள். பதினைந்து வரிதான். அனுப்புகிறவர்களில் பலர் அதை எழுதுவதில்லை.

மற்றவை சில்லறை: பணத்தை ஃப்ளோட்டில் வைப்பது, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் குவெரி போகும்படி ப்ரீலோடு மறப்பது, ஃபார்மேட்டர் ஓட்டாமல் அனுப்புவது, ரீட்மீயில் எப்படி ஓட்டுவது என்று எழுதாதது.

என் சொந்தப் ப்ராஜெக்டாக எதைக் காட்டுவது?

டு-டூ லிஸ்டும் சாட் டெமோவும் வேண்டாம், எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸில் ஒரு பிழையைத் திருத்தி அது மெர்ஜ் ஆகியிருந்தால் பத்து டெமோவுக்குச் சமம். நம் ஊர்ப் பக்கமே ஒன்று உண்டு: தொண்டு நிறுவனங்கள் வாட்ஸப் வழியாக மக்களோடு பேச உதவும் கிளிஃபிக். அதன் பேக்-எண்ட் எலிக்ஸிர், ஃபீனிக்ஸ். இணையதளப் பார்வைகளைக் கணக்கிடும், எஸ்டோனியாவின் ப்ளாசிபிள் அனலிட்டிக்ஸும் அப்படியே. முதலில் நிரலைப் பதிவிறக்கி டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக ஓடும் வரை கொண்டுவாருங்கள். அதற்கே ஒரு வார இறுதி போய்விடும். வழியில் ஆவணத்தில் விட்டுப்போன ஒரு படி கண்ணில் படும், அதுவே உங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட்.

சொந்தமாக ஒன்று செய்தால், அது இணையத்தில் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஏற்றும்போது மாட்டுகிற இடங்கள் மூன்று. சூழல் மாறியைக் கம்பைல் நேரத்தில் படிக்கும் கான்ஃபிக் கோப்பில் எழுதினால், பில்டு செய்த கணினியில் இருந்த மதிப்பே உறைந்துவிடும். ரகசியங்கள் எல்லாம் ரன்டைம் கான்ஃபிக் கோப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஃபீனிக்ஸுக்கு நீங்கள் கொடுத்த ஹோஸ்ட் பெயரும் உண்மையான டொமைனும் வேறாக இருந்தால் பக்கம் அழகாகத் திறக்கும், பட்டன் எதுவும் வேலை செய்யாது; வெப்சாக்கெட்டை ஆரிஜின் சோதனை திருப்பி அனுப்புகிறது. என்ஜின்எக்ஸில் அப்கிரேடு ஹெடர்களைக் கடத்த மறந்தாலும் இதே அறிகுறிதான். மூன்றாவது, டேட்டாபேஸ் இணைப்புக் குளம் இயல்பாக 10. இரண்டு நோடு, பக்கத்தில் பின்னணி வேலைகளுக்கு ஒரு வொர்க்கர் என்று ஏற்றிக்கொண்டே போனால் சின்ன போஸ்ட்கிரெஸ் பிளானின் எல்லை சீக்கிரம் இடிக்கும்.

வேலைகளை எங்கே தேடுவது?

எலிக்ஸிர் ஃபோரத்தின் வேலைப் பிரிவு, எலிக்ஸிர் ஸ்லாக்கின் வேலை சேனல், ஹேக்கர் நியூஸில் மாதத்தின் முதல் வேலை நாளில் வரும் "யார் ஆள் எடுக்கிறார்கள்" பதிவு. அந்தப் பதிவைத் திறந்து மொழிப் பெயரைத் தேடினால் ஐந்து நிமிட வேலை. "ரிமோட்" என்று இருந்தால் அடைப்புக்குறிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "அமெரிக்கா மட்டும்" என்று பல விளம்பரங்களில் இருக்கும். அதற்கு விண்ணப்பிப்பது வீண்.

சந்தை சின்னது என்பதில் ஒரு வசதியும் உண்டு. நீங்கள் அனுப்பிய திருத்தத்தைப் பார்த்தவர் அடுத்த வருடம் உங்கள் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கலாம். கடுகடுவென்று பேசினாலும் அதே கணக்குதான்.

அரிய மொழி என்பதால் சம்பளம் கூடுமா?

இந்திய நிறுவனங்களில் மொழிக்கென்று தனியாகக் கூடுவது கொஞ்சம்தான். அனுபவ வருடமும் முந்தைய சம்பளமுமே பேசும். வெளிநாட்டு ரிமோட்டில் வித்தியாசம் தெரியும், ஆனால் அந்த வித்தியாசம் நாட்டால் வருகிறது, மொழியால் அல்ல.

கான்ட்ராக்டில் போகிறீர்கள் என்றால் நாள் கூலியை இப்படிப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் வார நாட்கள் 260. விடுமுறை, காய்ச்சல், பண்டிகைக்கு 25 கழியுங்கள். இரண்டு கான்ட்ராக்டுக்கு இடையில் சும்மா இருக்கும் நாளுக்கு 15. மிஞ்சுவது 220. பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு எல்லாம் இனி உங்கள் பை. அதையும் சேர்த்து வருடத் தேவையை 220-ஆல் வகுத்தால் வருவதுதான் கேட்க வேண்டிய தொகை. 260-ஆல் வகுத்துவிட்டு தீபாவளி மாதத்தில் முழிக்கிறவர்கள் அதிகம்.

வெளிநாட்டு வேலை என்றால் நேரமும் காகித வேலையும் எப்படி?

நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நான்கு மணி நேரம் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டால் குளிர்காலத்தில் இரவு 11.30 வரை உட்கார வேண்டும். ஜெர்மனி, போலந்து என்றால் வித்தியாசம் மூன்றரை அல்லது நாலரை மணி நேரமே. மதியம் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடலாம். குழந்தை இருக்கிற வீட்டில் இது சம்பளத்தை விடப் பெரிய விஷயம்.

காகிதம்: சேவை ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூஜ்ஜிய விகிதம். வருட வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிந்தபின் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்.யு.டி. எனும் உறுதிமொழியைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் ஐ.ஜி.எஸ்.டி.யைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டிவரும். வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றை ஒவ்வொரு இன்வாய்சோடும் சேர்த்து வையுங்கள். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று அந்நாட்டு வரிக்காகக் காட்டும் டபிள்யூ-8பென் படிவத்தை அமெரிக்க கிளையன்ட் கேட்பார், நிரப்பிக் கையெழுத்திட்டால் போதும். வருமான வரிக்கு, முதல் பணம் வருவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்கிற நிறுவனங்கள் ரிமோட் டாட் காம் போன்ற இடைநிலை முதலாளி வழியாக உங்களைப் பணியாளராகவே வைத்துக்கொள்ளும். அந்த ரிமோட் டாட் காமே எலிக்ஸிரில் எழுதப்பட்டது என்பது கொசுறு.

ஏ.ஐ. கருவிகள் எலிக்ஸிர் நன்றாக எழுதுகின்றனவா?

எழுதுகின்றன, ஆனால் பதிப்புகளைக் கலக்கின்றன. ஃபீனிக்ஸ் 1.7 (2023) பக்கங்களின் பாதையை (ரூட்) எழுதும் முறையையே மாற்றியது. கருவிகள் அதற்கு முந்தைய ரூட் ஹெல்பரை அவ்வப்போது கொண்டுவந்து செருகும். 1.8-ல் புதுப் ப்ராஜெக்ட் உருவாக்கும்போது ஏ.ஐ. ஏஜென்டுகளுக்கான வழிகாட்டிக் கோப்பு ஒன்றும் கூடவே வருகிறது, அதை அழித்துவிடாதீர்கள். வீட்டில் செய்து அனுப்பும் பணியில் பழைய பாணி நிரல் தெரிந்தால், புரியாமல் ஒட்டியது என்று பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நிறுவனம் திடீரென்று வேறு மொழிக்கு மாறினால்?

நடக்கிறது. அமெரிக்க நிதிநுட்ப நிறுவனமான ப்ரெக்ஸ் எலிக்ஸிரில் தொடங்கி, புதிய பேக்-எண்ட் சர்வீஸ்களுக்குக் கோட்லினுக்கு மாறியது. மாறும் முன் சில அறிகுறிகள் இருக்கும்: புதுச் சர்வீஸ் எல்லாம் வேறு மொழியில் தொடங்கும், எலிக்ஸிரில் ஆள் போனால் நிரப்ப மாட்டார்கள், பதிப்பு உயர்த்துவது தள்ளிப்போகும். சேரும் முன் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்: எந்த எலிக்ஸிர் பதிப்பில் ஓடுகிறது, கடைசியாக எழுதிய சர்வீஸ் எந்த மொழி, மொழியைத் தேர்ந்தெடுத்தவர் இன்னும் இருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை, போன வருடம் போய்விட்டார்" என்று பதில் வந்தால், ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

என் பழைய மொழியை விட்டுவிடலாமா?

வேண்டாம். ரெஸ்யூமேயில் ஜாவாவோ நோடோ இரண்டாவது வரியில் இருக்கட்டும், வருடத்துக்கு ஒரு சின்ன வேலையாவது அதில் செய்துவிடுங்கள். எலிக்ஸிரில் ஒரு வேலை போனால் அடுத்தது மூன்று வாரத்திலும் வரலாம், ஐந்து மாதமும் ஆகலாம். ஐந்து மாத வீட்டுச் செலவு வங்கியில் இல்லாதவரை பழைய மொழியின் கதவைச் சாத்தாதீர்கள்.